இரட்டையில் பிறந்த நாகு

மட்டக்களப்புக்குப் போய்ச் சேர்ந்த அன்றே நான்கு பேர் என்னிடம், "உங்களுக்கு எத்தின புள்ளைகள்?" என்று கேட்டுவிட்டார்கள். விடுதிக்காரர் சாவியைக் கொடுக்கும் முன்பே கேட்டார். தேநீர்க் கடைக்காரர் பிளேன் டீயில் சீனி போட்டபடி கேட்டார். ஒரு மகன் என்றேன். "ஒண்டுதானா?" என்று முகத்தைச் சுருக்கினார். நம் ஊரிலும் கேட்பார்கள்தான். ஆனால் நாம் சாதியைத் தெரிந்துகொண்ட பிறகே பிள்ளைகளுக்கு வருவோம். இங்கே நேராகவே ஆரம்பிக்கிறார்கள்.

நான் மாட்டு டாக்டர். ஈரோட்டுப் பக்கம் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இந்த வயதில் என்னை யாரும் வெளிநாட்டுக்குச் சுற்றிப் பார்க்க அனுப்பமாட்டார்கள். சென்னையில் சில நண்பர்கள் ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறார்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில் ஒரு கிராமத்துப் பெண்களுக்கு மாடு கொடுப்பது அவர்கள் வேலைகளில் ஒன்று. ஒரு பெண்ணுக்கு ஒரு கிடாரி. அது போடும் முதல் பெண் கன்றை அவள் வரிசையில் இருக்கும் அடுத்த பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும். அப்படியே கைமாறிப் போய்க்கொண்டிருக்கும். கேட்க அழகாக இருக்கிறது.

தவமணி என்ற பெண்ணிடம் வந்ததும் இந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. அவளிடம் கொடுத்த கிடாரி வயது கடந்தும் பருவத்துக்கு வரவில்லை. அவளுக்கு அடுத்தவள் காத்துக் காத்துக் கோபத்தில் இருக்கிறாள். தவமணியைத் திட்டத்தை விட்டு நீக்க வேண்டும் என்று மற்றவர்கள் கேட்கிறார்கள். முன்பு பார்க்கப் போன ஒருவர் மாட்டைத் தொடாமலே 'பராமரிப்புக் குறைவு' என்று சொல்லிவிட்டு வந்தாராம். நண்பர்களுக்குக் கொஞ்சம் மனச்சாட்சி உறுத்தியிருக்கிறது. "நீங்க ஒரு தடவை போய்ப் பாருங்க" என்றார்கள்.

அன்று இரவு புட்டும் வாவி இறால் குழம்பும் சாப்பிட்டேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் சட்டியோடு எருமைத் தயிர் வந்தது, கவிழ்த்தாலும் விழாத தயிர். நம் ஊரில் தயிர் என்ற பெயரில் பாக்கெட்டில் எதை வாங்குகிறோம் என்று நினைத்தபோது கோபம் வந்தது. எனக்குக் கோபம் எளிதாக வரும். என் மகனைக் கேட்டால் சொல்வான்.

மறுநாள் காலை கல்முனை போகும் தனியார் பஸ். டிரைவர் எதையோ விட்டுவிட்டு வந்தவர்போல ஓட்டினார். காத்தான்குடியில் நடுவீதியில் வரிசையாகப் பேரீச்ச மரங்கள். பக்கத்தில் உட்கார்ந்த முஸ்லிம் பெண்மணி, கணவர் கத்தாரில் இருப்பதாகவும் தனக்கு ஐந்து பிள்ளைகள் என்றும் சொன்னார். பிறகு என் கணக்கைக் கேட்டார். இந்தத் தடவை இரண்டு என்று பொய் சொன்னேன். "அல்ஹம்துலில்லாஹ்" என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். ஒரு பொய் ஒருவரை இவ்வளவு சந்தோஷப்படுத்தும் என்றால் சொல்வதில் தப்பில்லை.

குருக்கள்மடத்தில் இறங்கினேன். அறக்கட்டளைக்காக அங்கே வேலை செய்யும் நிரோஷன் மோட்டார் சைக்கிளோடு நின்றிருந்தான். வாவியைக் கடந்தால்தான் கிராமம். சூரியன் எழும் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, விழும் மேற்குப் பக்கம் படுவான்கரை. ஆஸ்பத்திரி, பஸ், பெரிய கடைகள் எல்லாம் எழுவான்கரையில். நெல்லும் மாடும் படுவான்கரையில். இரண்டுக்கும் நடுவே இரும்புத் தட்டு ஒன்றை மிதக்கவிட்டு இயந்திரம் பூட்டியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் பாதை. மோட்டார் சைக்கிள், அரிசி மூட்டை, பள்ளி ஆசிரியைகள், ஒரு கட்டில், நான் என்று எல்லோரும் அதில் ஏறினோம்.

பாதி வழியில் இயந்திரம் நின்றுவிட்டது. யாரும் பதறவில்லை. காற்று எங்களை மெதுவாக மீன் வலைகள் கட்டியிருந்த பக்கம் தள்ளியது. தோணியில் இருந்த ஒருவர் வலையைக் காட்டிக் கத்தினார். சைக்கிளோடு நின்ற ஓர் ஆள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நீண்ட கோலை எடுத்து ஊன்றித் தள்ளினார். இயந்திரம் மறுபடி உறுமியதும் கோலை வைத்துவிட்டு என்னிடம் வந்து என் பையை வாங்கிக்கொண்டார்.

"நீங்கதானே இந்தியாவில இருந்து வந்த டொக்டர்? என்ட மனிசிட மாட்டத்தான் பாக்க வாறீங்க. நான் மூர்த்தி."

தவமணியின் கணவர். முப்பத்தைந்து வயதிருக்கும். பணிவான பேச்சு, வெற்றிலை போடாத பல். கொத்து வேலைக்கு எழுவான்கரைக்குப் போய்வருகிறவர்.

"மாடு சரிவந்தா எல்லாம் சரிவரும் டொக்டர்," என்றார். என்ன எல்லாம் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். அவர் அம்மா கல்முனைப் பக்கம் பெரியகல்லாற்றில் இருக்கிறார். திரும்பி வந்துவிடு, வேறு கல்யாணம் பார்க்கிறேன் என்று வாரத்துக்கு ஒரு தடவை ஃபோன் செய்கிறார். கல்யாணமாகிப் பல வருடமாகியும் பிள்ளை இல்லை.

அந்த மனிதரை எனக்குப் பிடித்துத்தான் போயிற்று. அதையும் சொல்லிவிட வேண்டும்.

கரையில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும் ஓர் ஆலமரம். அதன் கிளைகளில் பழைய சாக்குப் பொதிகள் தொங்கின. மாடு கன்று போட்டதும் விழும் இளங்கொடியைப் பொதியாகக் கட்டிப் பால் வடியும் மரத்தில் தொங்கவிட்டால் தாய்க்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. நம் ஊரிலும் உண்டு. நம் ஊரில் மரத்தைத்தான் வெட்டிவிட்டோம்.

பெண்கள் குழுவின் தலைவி யோகம்மா அந்த மரத்தடியிலேயே எங்களுக்காக நின்றிருந்தார். பொதிகளில் ஒன்றைப் பெருமையோடு காட்டினார்.

"அதுதான் டொக்டர், என்ட பசு ரெட்டக் கண்டு போட்ட நேரம் கட்டினது. ஒண்டு நாம்பன், ஒண்டு நாகு. ரெண்டுக்கும் சேத்துக் கொடி ஒண்டாத்தான் விழுந்தது."

நாம்பன் என்றால் காளைக் கன்று. நாகு என்றால் நம் கிடாரி. "அந்த நாகைத்தான் தவமணிக்குக் கொடுத்தீங்களா?" என்று கேட்டேன்.

"ஓம் கா. முறைப்படி அது வேற ஆளுக்குப் போகவேணும். நாங்கதான் கதைச்சு மாத்தினம். தவமணியும் ரெட்டையில பிறந்தவ. அவட தம்பி இரிக்கான், ரெண்டும் ஒரே நாள்ல பிறந்ததுகள். ரெட்டக் கண்டு ரெட்டப் புள்ளைக்குப் போனா ராசி எண்டு எங்கட ஊருல ஒரு கதை. அவட மடியும் நிறையட்டும் எண்டு நினைச்சம்."

ராசிக்காக வரிசையை மாற்றியிருக்கிறார்கள். மற்றவள் தன் முறையை விட்டுக்கொடுத்திருக்கிறாள். ஊரே சேர்ந்து ஒரு பெண்ணுக்கு நல்லது செய்யப் பார்த்திருக்கிறது. உலகத்தில் அவளுக்குக் கொடுக்கவே கூடாத ஒரு கன்று இருந்தால் அதைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

மாட்டைப் பார்ப்பதற்கு முன்பே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. முன்பு வந்தவர் இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் போதும். கன்று பிறந்த வாரத்திலேயே ஒரு கண்ணாடிக் குழாயை அதன் பிறப்புவழிக்குள் விட்டுப் பார்த்திருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

தவமணியின் வீடு சுத்தமாக இருந்தது. அது அவளுடைய வீடு. இந்தப் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணமானால் ஆண்தான் அங்கே வந்து ஏறுகிறான். எங்கள் ஊரில் பிள்ளை பெறாதவளை இரவோடு இரவாகப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அப்படி அனுப்ப முடியாது. பரவாயில்லை, இவர்கள் நம்மைவிட மேல் என்று நினைத்துக்கொண்டேன்.

நாகு கொட்டிலில் நின்றது. பளபளவென்று, அகன்ற கழுத்தோடு, பாதி காளைபோல இருந்தது. வாலுக்குக் கீழே நாம்பனுக்கு இருப்பதுபோல ஒரு மயிர்க்கொத்து. தோள்வரை கையுறை போட்டுப் பரிசோதித்தேன். கருப்பை இருக்க வேண்டிய இடத்தில் பென்சில் தடிமன்கூட இல்லாமல் ஒரு நரம்பு தட்டுப்பட்டது. அவ்வளவுதான். கருப்பைக்குக் கழுத்தும் இல்லை, கிளையும் இல்லை. இந்த மாட்டைப் பருவத்துக்கு வரவைக்க உள்ளூரில் ஒருவர் மாதக்கணக்கில் ஹார்மோன் ஊசி போட்டிருக்கிறாராம். இல்லாத வீட்டுக்குக் கடிதம் போட்டமாதிரி.

"என்ட தீன் பிழையா டொக்டர்?" என்று தவமணி கேட்டாள். மெலிந்த உருவம், தணிந்த குரல். "தவிடும் குடுத்தன், புண்ணாக்கும் குடுத்தன். வயல் வட்டைக்குப் போய்ப் புல்லும் அறுத்தன். என்ட கைதான் சரியில்ல எண்டு சொல்லுறாங்க."

"உன் கைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைம்மா," என்றேன். அவளை உட்காரவைத்து விளக்கினேன். மாடு இரட்டை போடும்போது வயிற்றுக்குள் இரண்டு கன்றுகளின் கொடியும் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் இரண்டுக்கும் பொதுவாகிவிடும். நாம்பனின் விதை முந்திக்கொண்டு சுரக்கத் தொடங்கும். அந்தச் சுரப்பு அவனுக்குத் தேவையானது. ஆனால் அது ரத்தத்தோடு தங்கச்சிக்கும் போகும். அவளுடைய கருப்பை வளரத் தொடங்கும் நேரத்தில் அதை வளரவிடாமல் அமுக்கிவிடும். பிறக்கும்போதே முடிந்துபோன விஷயம். அண்ணனுக்கு ஒரு கெடுதலும் வராது.

"அந்த நாம்பனைத்தான் இப்ப ஊர்ப் பசுவெல்லாத்துக்கும் விடுறாங்க," என்றாள் தவமணி. எழுந்து போய் நாகுக்குப் புல்லை உதறிப் போட்டாள். திரும்பி வந்து, "இதை எல்லாருக்கும் சொல்லுவீங்களா? பின்னேரம் கூட்டம் இரிக்கு," என்றாள்.

எனக்கு அங்கேதான் சாப்பாடு. மீன் பொரியல், பால்சொதி, அகத்திக்கீரை. யோகம்மாவையும் நிரோஷனையும் கூப்பிட்டாள். நிரோஷன் மட்டும் உட்கார்ந்தான். யோகம்மா வாசலிலேயே நின்று, வயிறு சரியில்லை என்றார். பக்கத்து வீட்டில் பசு கன்று போட்டால் இப்போதெல்லாம் தவமணியைப் பார்க்க விடுவதில்லை என்று நிரோஷன் பிறகு சொன்னான். அவள் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்திருக்கிறாள். அவளிடம் ஒரு குறையும் இல்லை, கணவரைக் கூட்டி வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்களாம். கணவர் போகவில்லை.

மாலையில் பள்ளிக்கூடத்தில் நடந்த கூட்டத்தில் நான் நன்றாகப் பேசினேன். இதைச் சொல்லவே வாய் கசக்கிறது. கரும்பலகையில் இரண்டு கன்று வரைந்தேன், கொடியை வரைந்தேன், ரத்தம் போகும் வழியைச் சிவப்புச் சுண்ணக்கட்டியால் காட்டினேன். பெண்கள் அசையாமல் கேட்டார்கள். வாசலில் மூர்த்தி நின்றிருந்தார். தவமணி முன்வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். இனிமேல் நாம்பனோடு பிறந்த நாகை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று முடித்தேன். என் தொழில் நேர்மை சும்மா இருக்கவில்லை. "எப்போதாவது ஒன்று தப்பிக் கன்று போடும். அது அபூர்வம்," என்றும் சேர்த்துக்கொண்டேன்.

மாட்டுக்காகக் காத்திருந்த அந்த அடுத்த முறைக்காரி எழுந்தாள். அவள் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அப்ப தவமணியும் அப்பிடித்தானே டொக்டர்? அவவும் தம்பியோட பிறந்தவதானே."

கூடத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. நான் இல்லை, இல்லை என்று கையை ஆட்டினேன். மனிதர்களில் அப்படி நடக்காது, இரட்டையாகப் பிறந்த பெண்கள் உலகமெல்லாம் பிள்ளை பெறுகிறார்கள் என்றேன்.

"அது எப்பிடி? கொடி எண்டா கொடிதானே," என்றாள் ஒருத்தி.

"ரெண்டுக்கும் கொடி ஒட்டித்தான் இருந்தது எண்டு மருத்துவிச்சி சொன்னவ," என்றார் யோகம்மா.

"ஒட்டினாலும் மனிதர்களுக்கு ரத்தம் கலக்காது."

"மாட்டுக்குக் கலக்கும், மனிசருக்குக் கலக்காதா?"

கரும்பலகையில் நான் வரைந்த சிவப்புக் கோடு அப்படியே இருந்தது. அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அழிப்பதற்குத் துணி தேடினேன், கிடைக்கவில்லை. நிரோஷன் தன் பெரியம்மாவைச் சொன்னான். அண்ணனோடு இரட்டையாகப் பிறந்தவள், நான்கு பிள்ளைகள். "நீங்கதானே சொன்னீங்க, ஒண்டு ரெண்டு தப்பும் எண்டு. அவ தப்பினவ," என்று பதில் வந்தது. என் பேச்சையே எடுத்து என்னை அடித்தார்கள். அதுவும் மரியாதையாக, டொக்டர் டொக்டர் என்று சொல்லிக்கொண்டே. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தது குரங்குகூட இல்லை.

திரும்பிப் பார்த்தேன். வாசலில் மூர்த்தி இல்லை.

இருட்டினால் பாதை ஓடாது. யோகம்மா வீட்டில் தங்கினேன். ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தார். இப்போது அவருக்குத் தவமணிமேல் கோபமே இல்லை. "பாவம் அந்தப் புள்ள. அவ என்ன செய்வா, உள்ளுக்கு ஒண்டும் இல்ல. நாங்களும் அவட கையைக் குறை சொல்லிப்போட்டம்," என்று கண்ணைத் துடைத்தார். நான் இன்னொரு தடவை விளக்கினேன். "ஓம் டொக்டர், ஓம்," என்றார். குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல இருந்தது அந்த ஓம். ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அதை மறுத்திருப்பேன். நான் சொன்னது உண்மை. உண்மையை எப்படித் திரும்பப் பெறுவது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

காலையில் தவமணியைப் பார்க்கப் போனேன். நாகுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். ராத்திரி அவர் வீட்டுக்கு வரவில்லை என்றாள். எங்கேயாவது சிநேகிதர் வீட்டில் படுத்திருப்பார் என்று அவளே சமாதானமும் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க பொய் சொல்லல்லதானே டொக்டர்," என்றாள். "முதல்ல என்ட கை சரியில்ல எண்டாங்க. கைக்கு நேத்தி வைக்கலாம், கோயிலுக்குப் போகலாம். நாளைக்குச் சரிவரும் எண்டு அவரும் இருந்தார். இப்ப உள்ளுக்கே ஒண்டும் இல்ல எண்டுறாங்க. மறுகா இதுக்கு என்ன செய்யிற?"

"உனக்கு எல்லாம் இருக்கு தவமணி. ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்காங்களே."

"எனக்குத் தெரியும்," என்றாள். "எனக்குத் தெரிஞ்சு என்னத்துக்கு?"

அந்த நாகை என்ன செய்வது என்று கேட்டேன். வேறு மாடு வாங்கித் தரச் சொல்கிறேன், இதை விற்றுவிடலாம் என்றேன். விற்றால் எங்கே போகும் என்று இருவருக்கும் தெரியும். தவமணி அதன் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, "வேணாம். நிண்டு தின்னட்டும்," என்றாள். எனக்குக் கொண்டுபோகச் சின்னச் சட்டியில் தயிர் தந்தாள். அது கடைத் தயிர். அவளிடம் கறக்க மாடு இல்லை.

துறைக்கு நிரோஷன் கொண்டுவந்து விட்டான். ஆலமரத்தைக் கடக்கும்போது நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று இயந்திரம் ஒழுங்காக ஓடியது. பாதி தூரம் போனபிறகுதான் கவனித்தேன், முன்பக்கம் சைக்கிளோடு மூர்த்தி நின்றிருந்தார். சைக்கிளின் பின்னால் ஒரு பயணப் பை, கொத்துக் கரண்டியும் மட்டப் பலகையும் சுற்றிய ஒரு சாக்கு. சட்டை தோய்த்து மடிப்புக் கலையாமல் இருந்தது. நான் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோதே அவர் வீட்டுக்குப் போய்க் கட்டியிருக்க வேண்டும். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டே வந்தார்.

"அம்மாட்டப் போறன் டொக்டர். உங்களுக்கு நன்றி சொல்ல வேணும் எண்டு நினைச்சன்."

"எதுக்கு?"

"இவ்வளவு காலமும் ஒண்டும் விளங்காம இருந்தம். நீங்க வந்து படம் போட்டுக் காட்டினதாலதான் தெளிஞ்சுது. இனி அவவையும் ஒருத்தரும் பேசமாட்டாங்க, என்னையும் பேசமாட்டாங்க."

பாதையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் குரலை உயர்த்தினேன். அது மாட்டுக்கு மட்டும்தான், மனிதர்களுக்கு இல்லை, ஆயிரம் தடவை சொன்னேனே, காதில் விழவில்லையா என்று கேட்டேன். உங்களைத்தானே ஆஸ்பத்திரியில் கூப்பிட்டார்கள், ஒரு தடவையாவது போனீர்களா, ஒரு சோதனையாவது செய்தீர்களா என்று கேட்டேன்.

அவருக்கு என்மேல் கோபம் வரவில்லை. நான் ஏதோ படித்த படிப்பை மறந்துவிட்டவள்போல என்னைப் பரிவோடு பார்த்தார்.

"எனக்கு என்னத்துக்கு டொக்டர் சோதனை?" என்றார். "நான் தனியாப் பிறந்தவன்தானே."

பாதை குருக்கள்மடத்துக் கரையில் முட்டி நின்றது. மூர்த்தி முதலில் என் பையையும் தயிர்ச் சட்டியையும் பத்திரமாக இறக்கி வைத்தார். பிறகு தன் சைக்கிளை இறக்கிக்கொண்டு கல்முனைப் பக்கம் போனார்.